பதிப்பு எண்ணும் நம் சங்கக் கணக்கும்

நம் சங்கத்தின் சந்தாக் கணக்கும் துயர் உதவி நிதிக் கணக்கும் பேரேட்டை விட்டுக் கணிப்பொறிக்கு ஏறி ஆண்டுகள் சில ஆகின்றன என்பதை அன்பர்கள் அறிவர். அக்கணக்கு நிரலைத் திறந்தால், திரையின் கீழ்மூலையில் சிறிய எழுத்தில் ஓர் எண் தெரியும். இக்கட்டுரையை எழுதும் நாளில் அது 2.3.412 என்றிருக்கிறது. ரசீதின் அடியிலும் அவ்வெண்ணே அச்சாகிறது. "இது ரசீது எண்ணா, அங்கத்தினர் எண்ணா? மாதத்துக்கு மாதம் மாறுகிறதே!" என்று நம்மை வினவியோர் பலர். இரண்டும் அன்று, அது நிரலின் பதிப்பு எண். அதன் கடைசிப் பகுதியை எவரும் கையால் எழுதுவதில்லை; அது தானே ஏறுகிறது. அவ்வாறு ஏறும்படி செய்ய நேர்ந்ததற்கு ஒரு நிகழ்ச்சி காரணம். அந்நிகழ்ச்சியில் நம்முடைய பிழையும் உண்டாதலின், அதனை மறைக்காமல் எழுதிவிடுவதே முறை என்று காரியதரிசி அவர்கள் கருதினார்கள். நாமும் இசைந்தோம்.

நாம் கணிப்பொறிக் கல்வி பயின்றவர் அல்லோம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தோம். ஆயினும் எண் வரிசையின் அருமை நமக்குத் தெரியாததன்று. புகைவண்டி நிலையத்தின் பயணச்சீட்டு அறையில் இருந்த எவருக்கும் அது தெரியும். இன்று கணிப்பொறி அச்சிட்டுத் தரும் மெல்லிய தாள் சீட்டுக்கு முன்பு, தடித்த அட்டைச் சீட்டுகள் நெடுங்காலம் வழங்கிவந்தன. இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்னும் நிலைய அதிகாரி 1830-களின் பிற்பகுதியில் ஏற்படுத்திய முறை அது. ஒவ்வோர் அட்டையிலும் வரிசை எண் அச்சாகியிருக்கும். வேலைக்கு அமரும்போது அடுக்கில் முதலில் நிற்கும் எண் தொடக்க எண். எழும்போது நிற்கும் எண் முடிவு எண். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் விற்ற சீட்டு எத்தனை என்பது வந்துவிடும். பெட்டியிலுள்ள பணம் அதற்கு ஒத்துப்போக வேண்டும். ஒருவருடைய முடிவு எண்ணே அடுத்தவருக்குத் தொடக்க எண். எண்ணைக் குமாஸ்தா இடுவதில்லை, அச்சகமே இட்டு அனுப்பிவிடும் என்பதில்தான் அம்முறையின் உயிர் இருந்தது. விற்பவரே எண்ணும் எழுதுவதாயிருந்தால், கூட்ட நெரிசலில் ஒரே எண்ணை இருமுறை எழுதாதவர் எவர்?

இன்னொன்றும் உண்டு. ரயில்வேயின் விதிநூல்களுக்கு அவ்வப்போது திருத்தச் சீட்டுகள் வரும். அவற்றை உரிய பக்கத்தில் ஒட்டி வைப்பது குமாஸ்தாக்களின் வேலை. அச்சீட்டுகளுக்குத் தொடர் எண் உண்டு. பன்னிரண்டாம் சீட்டை ஒட்டிய பிறகு பதினான்காம் சீட்டு வந்து சேர்ந்தால், பதின்மூன்றாவது எங்கோ தங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டு மேலிடத்துக்கு எழுதலாம். எண் இல்லையெனில், நம் கையிலுள்ள நூல் எதுவரை திருத்தம் பெற்றது என்பதை எவர் சொல்ல இயலும்? பழைய விதியை வைத்துக்கொண்டு ஓர் ஏழைப் பயணியிடம் அபராதம் வாங்கிவிட்டு, விதி மாறி ஆறு மாதமாயிற்று என்று பிறகு அறிவதைப் போன்ற சங்கடம் வேறில்லை.

மென்பொருளின் பதிப்பு எண்ணுக்கும் இதுவே வேலை. புத்தகத்திலாவது ஒட்டிய சீட்டு கண்ணுக்குத் தெரியும். மென்பொருளில் அதுவும் தெரியாது. பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே பெயர், ஒரே முகம், ஒரே பொத்தான்கள் கொண்டு இரட்டைப் பிள்ளைகளைப் போல நிற்கும். உள்ளே ஒரு வரி மாறியிருக்கும்; அந்த ஒரு வரியில்தான் அனைத்தும் இருக்கும். இன்னாரை இன்னார் என்று அறிவதற்கு நெற்றியில் இட்ட பொட்டே அந்த எண்.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம்.

நம் கணக்கு நிரலை எழுதியவர் சங்கத்து அன்பர் ஒருவரின் புதல்வர். பொறியியற் கல்லூரி மாணவராயிருந்தபோது, கைம்மாறு கருதாமல் விடுமுறை நாட்களில் எழுதிக் கொடுத்தார். அங்கத்தினர் விவரங்கள் இணையத்தில் பொதுவான ஓரிடத்தில் இருக்கின்றன. அவற்றைப் படித்துக் கணக்குப் பார்க்கும் நிரல் மட்டும் மூன்று இடங்களில் இருந்தது: பொக்கிஷதார் வீட்டில் ஒன்று, காரியதரிசி வீட்டில் ஒன்று, சங்கக் காரியாலயத்தில் ஒன்று. 2023 ஏப்ரல் மாதத்து மகாசபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதுவரை, சந்தா ஒரு மாதத்துக்கு மேல் நிலுவையானால் துயர் உதவி நிதியில் அக்குடும்பத்துக்கு உரிமை இல்லை. அதனை மூன்று மாதமாக நீட்டினார்கள். நோய் வந்தவன் முதலில் மருந்து வாங்குவானா, சந்தா கட்டுவானா என்று ஒரு முதியவர் அக்கூட்டத்தில் எழுந்து கேட்டதை வந்திருந்தோர் மறந்திருக்கமாட்டார்கள்.

இளைஞர் அன்றிரவே நிரலில் அந்த ஒன்றை மூன்றாக்கிப் புதிதாகத் தொகுத்துக் கொடுத்தார். கையடக்கமான பென் டிரைவில் அதனை வாங்கிக்கொண்டு மூன்று இடத்துக்கும் கொண்டுபோய் ஏற்றும் பணியை நாம் ஏற்றுக்கொண்டோம். முதல் இரண்டு வீடுகளில் ஏற்றிவிட்டோம். அடுத்த ஞாயிறன்று காரியாலயத்துக்குச் சென்று அங்கிருந்த நிரலைத் திறந்தபோது, கீழே "பதிப்பு 1.4" என்றிருந்தது. நம் கையிலிருந்ததும் 1.4. இளைஞரே வந்து ஏற்றிவிட்டார் போலும் என்று எண்ணி, பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டோம். விதியை மாற்றிய இளைஞர் எண்ணை மாற்ற மறந்திருந்தார். நிரலின் பெயர்ப்பலகை போன்ற ஒரு கோப்பில், கையால் திருத்த வேண்டிய ஒரு வரி அது.

ஜூன் மாதத்தில் நம் அங்கத்தினர் ஒருவர் காலமானார். இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தவர். அந்த இரண்டு மாதச் சந்தாவே நிலுவை. உடலைச் சொந்த ஊருக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். வண்டிக்காரர் முன்பணம் கேட்டார். இறந்தவரின் தம்பி மாலையில் காரியாலயத்துக்கு ஓடிவந்தார். அன்று அங்கே அமர்ந்திருந்த தொண்டர் பெயரை இட்டுப் பார்த்தார். சிவப்பெழுத்தில் "உரிமை இல்லை" என்று வந்தது. "திரை இப்படிச் சொல்கிறதே, தம்பி, நாளைக்குக் காரியதரிசி வரட்டும், கேட்போம்" என்றாராம். நாளைக்கு என்பது அவர்களுக்கு இல்லை. அம்மையார் கையிலிருந்த இரண்டு வளையல்களையும் கழற்றிக் கொடுத்தார். அவை அடகுக் கடைக்குப் போயின. வண்டி இரவே புறப்பட்டது.

பொக்கிஷதார் இரவு பத்து மணிக்குச் செய்தியறிந்து தம் வீட்டில் பார்த்தார். பச்சையெழுத்தில் "உரிமை உண்டு" என்று வந்தது. ஒரே அங்கத்தினர், ஒரே விவரம், ஒரே பதிப்பு எண், இரண்டு விடைகள். அவர் நம்மைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, நமக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அந்த ஞாயிறு நினைவுக்கு வந்தது. மறுநாள் இளைஞர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, விதியை மாத்தினேன், நம்பரை மாத்தலை" என்று தலை குனிந்து நின்றார். அவரைக் கடிந்துகொள்ளும் தகுதி நமக்கு இருக்கவில்லை. எண்ணை நம்பாமல் ஏற்றியிருந்தாலும் பிழை நேர்ந்திராது. எண் சரியாயிருந்தாலும் நேர்ந்திராது. குடும்பத்தார் கருமாதி முடித்துத் திரும்பிய பிறகு நிதி கொடுக்கப்பட்டது. அடகின் வட்டியை நிர்வாகிகள் தம் கைப்பணத்திலிருந்து கட்டினார்கள். மீண்டு வந்த வளையல்கள் இப்போது அம்மையாரின் மகள் கையில் இருக்கின்றன.

மறதிக்கு மருந்து கண்டிப்பு அன்று. "இனி மறவாதே" என்று எத்தனை முறை சொன்னாலும், பரீட்சைக்கு முதல் நாள் இரவு இரண்டு மணிக்குத் திருத்தம் செய்கிற பிள்ளைக்கு எண் நினைவிருக்காது. அட்டைச் சீட்டில் அச்சகம் எண்ணிட்டதைப் போல, நிரலைத் தொகுக்கும் கருவியே எண்ணிட்டுவிட்டால் என்ன என்று கேட்டோம். அதற்கு வழி உண்டு, பலகாலமாகவே உண்டு என்று இளைஞர் சொன்னார். நாம் அறிந்துகொண்ட மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் எண்ணின் பகுதிகளைத் தெரிந்துகொள்வது நலம். கிட்ஹப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் வகுத்த முறை இன்று பரவலாக வழங்குகிறது. எண்ணில் மூன்று பகுதி. பழையதோடு ஒத்துப்போகாத பெருமாற்றம் வந்தால் முதற்பகுதி ஏறும். பழையதைக் கெடுக்காமல் புதிய வசதி சேர்ந்தால் நடுப்பகுதி ஏறும். பிழை திருத்தம் மட்டுமானால் கடைப்பகுதி ஏறும். முன்பகுதி ஏறும்போது பின்பகுதிகள் சுழிக்குத் திரும்பும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரின் டாட் நெட் முறையில் நான்கு பகுதிகள் உண்டு. நம் நிரல் அம்முறையில் எழுதியதாகையால், இளைஞர் முதலில் கையாண்டதும் அங்கே உள்ள உபாயத்தையே.

எண் எழுதும் வரியில் 2.0 என்று மட்டும் எழுதி, அதன்பின் ஒரு நட்சத்திரக் குறியை இட்டுவிடுவது அந்த உபாயம். மற்ற இரு பகுதிகளையும் தொகுப்புக் கருவியே நிரப்பிக்கொள்ளும். மூன்றாம் பகுதி, 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து அன்றுவரை கழிந்த நாட்களின் எண்ணிக்கை. நான்காம் பகுதி, நள்ளிரவிலிருந்து கழிந்த விநாடிகளில் பாதி. பாதி எதற்கு என்று கேட்டோம். ஒவ்வொரு பகுதியும் 65,535-க்கு உட்பட்டிருக்க வேண்டும். நாளொன்றுக்கு விநாடிகளோ 86,400. பாதியாக்கினால்தான் அடங்கும், அதனாலேயே போலும். 2023 ஜூலை 10-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணிக்குத் தொகுத்தபோது நம் நிரலின் எண் 2.0.8591.38700 என்று வந்தது. நாட்களை நாமே கையால் கூட்டிப் பார்த்தோம், சரியாகவே இருந்தது. குமாஸ்தா புத்தி போகாதன்றோ!

மறதிக்கு இடமே இல்லாத வழிதான். ஆயினும் ஒரு மாதத்துக்குள் இரண்டு குறைகள் தெரிந்தன. பொக்கிஷதார் தொலைபேசியில் அவ்வெண்ணைப் படித்துக் காட்டுவதற்குள் இரண்டு முறை தடுமாறினார். அவருக்கு வயது எழுபத்தொன்று. அது சிறிய குறை. பெரிய குறை யாதெனின், ஓரெழுத்தும் மாறாத அதே நிரலை இன்று ஒருமுறையும் நாளை ஒருமுறையும் தொகுத்தால் எண் மாறிவிடுகிறது. முன்பு வேறுவேறு நிரலுக்கு ஒரே எண். இப்போது ஒரே நிரலுக்கு வேறுவேறு எண். கடிகாரம் தொகுத்த நேரத்தைச் சொல்லுமேயன்றி, உள்ளே விதி மாறியதா என்பதைச் சொல்லாது. ஒரே மூலத்திலிருந்து எவர் எப்போது தொகுத்தாலும் ஓரெழுத்துக்கூட மாறாத ஒரே கோப்பு வரவேண்டும், அப்போதுதான் இடையில் எவரும் நஞ்சு கலக்கவில்லை என்று சரிபார்க்கலாம் என்னும் கொள்கை இப்போது மென்பொருள் உலகில் வலுத்திருக்கிறது. டெபியன் திட்டத்தார் அதற்காகப் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறார்கள். டாட் நெட்டின் புதிய தொகுப்புக் கருவிகளும் அக்கொள்கையை மேற்கொண்டிருப்பதால், நட்சத்திரக் குறியைக் கண்டால் பிழையென்று நின்றுவிடுகின்றன.

ஆகவே இளைஞர் வேறு வழிக்குச் சென்றார். நிரல் எழுதுவோர் தம் திருத்தங்களை வரிசையாகப் பதிந்து வைக்கக் கிட் என்றொரு கருவி உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கியது. செய்த ஒவ்வொரு திருத்தமும், எவர் செய்தது, எப்போது, எதற்காக என்னும் குறிப்போடு அதில் ஏறும். நம் திருத்தச் சீட்டுக் கோப்பே இது; ஒட்டத் தவறுவதற்கு இடமில்லை என்பது ஒன்றே வேறுபாடு. தொகுக்கும்போது, தொடக்கத்திலிருந்து இதுவரை எத்தனை பதிவுகள் என்று அக்கருவியைக் கேட்டு, அத்தொகையை எண்ணின் கடைப்பகுதியாக வைக்கும்படி செய்தார். ஒரு திருத்தம் பதிந்தால் ஒன்று ஏறும்; பதியாவிட்டால் ஏறாது; அதே நிரலைப் பத்துமுறை தொகுத்தாலும் அதே எண்.

இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. இருவர் தத்தம் கணினியில் தனித்தனியே திருத்தினால், இருவருக்கும் அடுத்த எண் ஒன்றாகவே வரும். இரண்டு சாளரத்தில் இரண்டு குமாஸ்தாக்கள் ஒரே கட்டின் சீட்டை விற்பது போன்ற குழப்பம் அது. எனவே எவர் திருத்தினாலும் பொதுவான முதன்மை வரிசையில் சேர்த்த பிறகு, ஒரே ஒரு கணினியில்தான் தொகுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே தனிக் கணினிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்குமாம். சில இடங்களில், திருத்தம் பதிவோர் தம் குறிப்பின் தலைப்பில் "பிழை திருத்தம்" என்றோ "புதிய வசதி" என்றோ வகுத்த சொல்லை எழுதினால், அதைப் படித்து எந்தப் பகுதியை ஏற்றுவது என்பதையும் கருவியே முடிவு செய்கிறது. அங்கே மறதி போய், குறிப்பை ஒழுங்காக எழுதும் கடமை வந்து சேர்கிறது.

எண் சரியாக ஏறினால் மட்டும் போதுமா? காரியாலயத்துக் கணினியில் பழைய நிரல் கிடந்தால், சரியான பழைய எண்ணைக் காட்டிக்கொண்டு அது தவறான விடையையே சொல்லும். ஆகவே பொதுவான இடத்திலுள்ள விவரங்களோடு "இன்ன எண்ணுக்குக் குறைந்த நிரல் இதனைப் படிக்கலாகாது" என்று ஒரு குறிப்பையும் வைத்தார். பழைய நிரல் திறந்தவுடன் அக்குறிப்பைப் பார்த்து, "நான் பழையவன், என்னை மாற்றுங்கள்" என்று சொல்லி நின்றுவிடும்.

இது மூன்று மாதம் செவ்வனே நடந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஒரு நாள் மூன்று கணினிகளும் ஒருசேர நின்றன. புத்தம்புதிய நிரலை ஏற்றிய பின்பும், பழையது பழையது என்றே சொல்லின. தேடிப் பார்த்ததில், எண் அன்றுதான் 99-லிருந்து 100-க்கு ஏறியிருந்தது. நிரல் அவ்வெண்களை எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகக் கொண்டு ஒப்பிட்டிருக்கிறது. அகராதி முறைப்படி 1 என்னும் எழுத்து 9-க்கு முந்தியது. எனவே 100 என்பது 99-க்குக் கீழே! நம் மாத இதழின் பழைய பிரதிகளைக் கணினியில் வரிசைப்படுத்தும்போது இதழ் 10 வந்து இதழ் 2-க்கு முன்னால் நிற்பதைக் கண்டிருப்பீர்கள், அதே கோளாறு. பகுதி பகுதியாகப் பிரித்து, எண்ணாக மாற்றி ஒப்பிட வேண்டும். சிறுபிள்ளைத்தனமான பிழையென்று இளைஞர் நாணினார். ஆனால் உலகில் பெரியவர்களும் இதில் இடறியிருக்கிறார்கள். 2009-இல் ஓப்பரா உலாவியின் பத்தாம் பதிப்பு வந்தபோது, பல இணையதளங்கள் முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதனை ஒன்றாம் பதிப்பென்று கொண்டன. ஆகவே அந்நிறுவனத்தார் தம் உலாவி தன்னை 9.80 என்றே சொல்லிக்கொள்ளும்படி வைத்து, உண்மையான எண்ணை வேறோரிடத்தில் எழுதினார்கள். 2022-இல் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் நூறாம் பதிப்பை எட்டியபோது, மூன்று இலக்கம் கண்டு தளங்கள் மயங்குமோ என்று முன்கூட்டியே சோதித்துப் பார்த்தார்கள்.

தானே ஏறும் எண்ணுக்குக் கூரை எங்கே என்று பார்த்து வைப்பதும் அவசியம். லினக்ஸ் கருவகத்தில் மூன்று பகுதிகளையும் ஒரே எண்ணுக்குள் அடைத்து வைக்கும் வழக்கம் உண்டு. கடைப்பகுதிக்கு ஒதுக்கிய இடம் 255 வரைதான் கொள்ளும். நெடுங்காலம் பராமரித்துவந்த 4.4, 4.9 என்னும் இரு வரிசைகளும் 2021 பிப்ரவரியில் 256-ஐ எட்டின. அடைத்துப் பார்த்தால் 4.4.256 என்பது 4.5.0 போலத் தோன்றும். கடைசியில் அந்த அடைப்புக்குள் 255-க்கு மேல் ஏறாதபடி நிறுத்தி வைத்தார்கள். ஆண்ட்ராய்டு செயலிகளுக்குக் கூகுள் பிளே கடையில் உள்விலாச எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடப் பெரிதாயிருக்க வேண்டும். 210 கோடியைத் தாண்டக் கூடாது. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் இவற்றை இரண்டிரண்டு இலக்கமாகச் சேர்த்து அவ்வெண்ணை ஆக்கிக்கொண்டால் மறதிக்கு இடமில்லைதான். ஆனால் 2021 ஜனவரி முதல் நாள் பிறந்தவுடன் அது 2,101,010,000 ஆகிக் கூரையில் முட்டிவிடும். நம் ரயில்வேயிலும் வண்டிகளின் நான்கிலக்க எண்கள் 2010 டிசம்பர் 20 முதல் ஐந்திலக்கமாயின; 2621 என்றிருந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 12621 ஆயிற்று. பழக்கத்தால் பழைய எண்ணைச் சொல்லிக் கேட்போர் சாளரத்துக்கு அதன்பின்னும் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஓரிடத்தில் பழைய நிரல் தங்கிவிடுவது சிறிய சங்கங்களுக்கே நேரும் விபத்து என்று எவரும் எண்ணவேண்டா. அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வாணிகக் கம்பெனியில், 2012 ஆகஸ்டு முதல் நாளன்று எட்டுக் கணினிகளில் ஏழில் மட்டும் புதிய நிரல் ஏறியிருந்தது. எட்டாவதில் நெடுநாள் உறங்கிக் கிடந்த பழைய பகுதி விழித்துக்கொண்டு, வேண்டாத பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கிற்று. பதறிப்போனவர்கள், புதிய நிரலில்தான் பிழையென்று கருதி, சரியாயிருந்த ஏழு கணினிகளிலிருந்தும் அதனை நீக்கினார்கள். கேடு மேலும் பெருகியது. ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போயிற்று. இதனை நமக்குப் படித்துக் காட்டிய இளைஞர், "நமக்கு மூன்றில் ஒன்று, அவர்களுக்கு எட்டில் ஒன்று, அண்ணா" என்றார். அம்மையாரின் வளையலை எண்ணி நாம் சிரிக்கவில்லை.

எல்லா எண்ணையும் கருவிக்கே விட்டுவிடுவதா என்றால், அதற்கும் நமக்கு மனம் ஒப்பவில்லை. எண்ணுக்குள் மனிதன் சொல்ல விரும்புவதும் சில உண்டு. உபுண்டு என்னும் இயக்குதளத்தார் ஆண்டையும் மாதத்தையும் எண்ணாக்குவர். 2004 அக்டோபரில் வந்த முதற்பதிப்பு 4.10. 2006 ஏப்ரலில் வரவேண்டியது இரண்டு மாதம் தாமதமாகவே, 6.04 ஆகவேண்டியது 6.06 ஆயிற்று, தாமதத்தை எண்ணே ஊருக்குச் சொல்லிவிட்டது. டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலை ஆக்கிய டொனால்டு குனூத் செய்திருப்பது இன்னும் விநோதம். மூன்றாம் பதிப்புக்குப் பிறகு பெருமாற்றம் இல்லை என்று தீர்மானித்துவிட்டு, பிழை திருத்தும்போதெல்லாம் வட்டத்தின் பை எண்ணில் ஓர் இலக்கத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறார். 2021-இல் அது 3.141592653 ஆயிற்று. தம் காலத்துக்குப் பின் எண் பை என்றே நின்றுவிட வேண்டும், அதன்பிறகு காணும் பிழையெல்லாம் அதன் இயல்பென்றே கொள்ளப்பட வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. அத்தகைய எண்ணை எந்தக் கருவியும் தானே இடாது.

நம் சங்கத்தில் இப்போது நடைமுறை இதுதான். முதல் இரு பகுதிகளும் நிர்வாகக் குழுவின் கையில் இருக்கின்றன. மகாசபை விதியை மாற்றினால் முதற்பகுதியையோ நடுப்பகுதியையோ மாற்றச் சொல்லி நடவடிக்கைக் குறிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். கடைப்பகுதி தானே ஏறுகிறது. பிரஸ்டன்-வெர்னர் வகுத்த இலக்கணத்துக்கு இது முற்றும் பொருந்தாது என்று இளைஞர் ஒப்புக்கொள்கிறார். முன்பகுதி ஏறினாலும் நம் கடைப்பகுதி சுழிக்குத் திரும்புவதில்லை. திரும்பாதிருப்பதே நல்லது என்று நாம் கேட்டுக்கொண்டோம். திருத்தச் சீட்டின் எண் என்றும் பின்னோக்கிப் போகாதல்லவா? இளைஞர் இப்போது வேலை கிடைத்துப் புனே சென்றுவிட்டார். அவருடைய தங்கை முறையுள்ள மாணவியொருத்தி நிரலைப் பார்த்துக்கொள்கிறாள். எண்ணை மாற்றும் வரி எங்கே இருக்கிறது என்று அவளைக் கேட்டோம். அப்படியொரு வரி இருந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

துயர் உதவி நிதிப் பட்டியலைத் தம் வீட்டுக் கணினியில் பார்க்கும் பகுதிப் பிரதிநிதிகள், திரையின் கீழ்மூலையிலுள்ள எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். 2 என்று தொடங்காமல் 1.4 என்றே எவருக்கேனும் தெரியுமானால், அது நம் பென் டிரைவிலிருந்து போன பழைய பிரதியாயிருக்கக் கூடும். தன்னைப் பழையதென்று சொல்லிக்கொள்ளும் வகை அதற்குத் தெரியாது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் காரியாலயத்தில் தெரிவித்தால், நாமே வந்து மாற்றிக் கொடுப்போம்.